செர்ரி டப்பாவில் எலி

பேக்கரி மாஸ்டரை இருபத்திரண்டு வருடம் அடுப்பு முன்னால் தாங்கி நின்ற வலது கால் கட்டைவிரல், ஒரு விடியற்காலையில் தக்காளி மாதிரி வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை நுனி பட்டாலே உயிர் போயிற்று. மனைவி அறைக்குள் வந்தால்கூட, "மெதுவா நட, தரை அதிருது" என்றார்.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "இது கவுட். யூரிக் அமிலம் கூடிப்போய் மூட்டுல பொடிப்பொடியா படிஞ்சிருக்கு" என்றார். தினமும் போட மாத்திரை எழுதினார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். கடைசியில், "செர்ரிப் பழம் சாப்பிட்டா சிலருக்கு இந்த வலி அடிக்கடி வராதுன்னு சொல்றாங்க. உறுதி கிடையாது. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

அவ்வளவு பேச்சில் மாஸ்டரின் காதில் போய் உட்கார்ந்தது செர்ரி மட்டும்தான்.

செர்ரிக்கு அவர் எங்கே அலைய வேண்டும்? கேக் தலையில் வைக்கிற சிவப்புச் செர்ரி, அவர் தலைக்கு மேல் அலமாரியில் டப்பா டப்பாவாக இருந்தது. காலையில் ஒரு பிடி, மத்தியானம் ஒரு பிடி. மருந்தாயிற்றே, மனசாட்சியும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையை ஒரு நாள் போட்டார், இரண்டு நாள் மறந்தார்.

டப்பா காலியாவதை முதலாளி மோப்பம் பிடித்தார். மாவு பிசைகிறவரைக் கேட்டார். எந்நேரமும் மாவு பூசிய முகத்தோடு திரிவதால் அவருக்குத் 'தூள்' என்று பெயர். மாஸ்டரைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் தூள் சொன்னார்: "எலி, முதலாளி."

மறுநாள் அலமாரியில் எலிப்பொறி ஏறியது. மாஸ்டர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு மருந்து சாப்பிட்டார்.

வலி போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. இரண்டாவது முறை வந்தபோது முதலாளி சொன்னார்: "மாஸ்டர், இன்னொரு தடவ நொண்டினீங்கன்னா அடுப்ப தூளுகிட்ட விட்டுட்டு பெட்டி கட்டுற மேசைக்குப் போயிடுங்க. தட்டோட விழுந்து வச்சா யார் பதில் சொல்றது?"

வாசனையை வைத்தே ரொட்டி வெந்ததைச் சொல்லுகிறவர் மாஸ்டர். பெட்டிக்குக் கயிறு கட்டுவதை நினைத்ததும் அன்று மூன்று பிடி சாப்பிட்டார்.

மூன்றாவது முறையும் வந்தது.

"உங்க பழம் சரியில்ல டாக்டரம்மா," என்று சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கைவிரல்களெல்லாம் சிவப்பு.

டாக்டரம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பிசுபிசுவென ஒட்டியது. "இது பழமா? பழத்தோட சட்டைய போட்டுக்கிட்ட சக்கரை. இனிப்பு அதிகமானா அந்த அமிலம் இன்னும் ஏறும். மாத்திரை?"

மாஸ்டர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

"வாய் தொறக்க மாட்டாரு," என்றாள் கூட வந்திருந்த மனைவி. "நானும் மூணு மாசமா சட்டைப் பையெல்லாம் எப்படிக் கறையாகுதுன்னு தொவைச்சுக்கிட்டே யோசிக்கிறேன். கேக்கு மேல வைக்கிறத காலு மேல வச்சிருந்தாலாவது அழகா இருந்திருக்கும்."

பேக்கரிக்கு நொண்டிக்கொண்டே போய் முதலாளி முன் நின்றார் மாஸ்டர். செருப்புக் கடித்துவிட்டது என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்லவில்லை.

"அந்த எலி நான்தான். தூள் மேல கோவப்படாதீங்க."

முதலாளி பொறியைப் பார்த்தார், அவர் காலைப் பார்த்தார். "இவ்வளவு பெரிய எலிக்குப் பொறி எங்க விக்குது? போங்க, மேசைக்குப் போங்க."

வீக்கம் வடியும்வரை மாஸ்டர் பெட்டி கட்டினார். முதல் நாள் கயிறுகூட அவரிடம் முறுக்கிக்கொண்டது. இரண்டாம் நாள் திடீரென்று தலையைத் தூக்கி, "தூளு, எடு," என்றார். தூள் அடுப்பைத் திறந்தார். ரொட்டி சரியான பொன்னிறத்தில் இருந்தது. அப்புறம் தூள் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேசையைப் பார்க்க ஆரம்பித்தார். முதலாளியும் அதைப் பார்த்தார்.

வாரங்கள் போயின. மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை, மனைவி தவற விடவில்லை. பழக்கடையில் நிஜச் செர்ரி வந்ததும், கருஞ்சிவப்பில், காம்போடு, கொஞ்சம் புளிப்பாக வாங்கிக் கட்டிக்கொடுத்தாள். விரல் அடங்கியது மாத்திரையாலா, தண்ணீராலா, பழத்தாலா? விரலைத்தான் கேட்க வேண்டும்.

"காலு எப்படி?" என்றார் முதலாளி ஒருநாள்.

"நிக்குது."

"அப்ப அடுப்புகிட்ட நில்லுங்க. மூக்க இங்க வச்சுக்கிட்டு ஆள அங்க உக்கார வச்சு என்ன பிரயோஜனம்?"

மறுநாள் காலை முதலாளி அலமாரியைத் திறந்தார். டப்பா குறையாமல் நிறைந்திருந்தது. பொறிக்குள் மட்டும் ஐந்து செர்ரிக் கொட்டைகள், சுத்தமாகச் சப்பி, வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.