மூன்று கட்டுரைகளில் ஒரு தையல்காரர்

எண்பதுகளில் பெரம்பலூர் நூலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். இங்கிலீஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றுகூட அங்கே வராது. வாரப் பத்திரிகைக்கே அடிதடி. அங்கேதான் தேடி வந்தார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கல்தூசி படிந்த நுரையீரலுக்கு வெளிநாட்டில் ஒரு மருந்து கொடுக்கிறார்களாம். அது கேட்கிறதா இல்லையா என்று உலகத்தில் எழுதியதையெல்லாம் திரட்டிப் படித்து, ஒரு முடிவு எழுத வேண்டும் என்றார்.

"கேக்குதுன்னு எழுதுனது மட்டும் போதாதுக்கா. கேக்கலைன்னு எழுதுனதும் வேணும். ஒண்ணையும் விட்டுடாதீங்க."

எனக்கு அது வெறும் வேலை இல்லை. என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போட்டவர். கிணற்றடிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூச்சு இரைக்கும். அதே டாக்டரம்மாவிடம்தான் வைத்தியம். மருந்து ஈரலைக் கெடுக்குமாம். எல்லாவற்றையும் படிக்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். துபாயில் வேலை பார்த்த லப்பைக்குடிக்காட்டுக்காரர், என் வீட்டுக்காரரின் சிநேகிதர், அங்கிருந்து வாங்கிவரத் தயாராக இருந்தார்.

சென்னையில் இருக்கும் மருத்துவ நூலகங்களுக்கு எழுதிப் போடுவேன். ஜெராக்ஸ் தபாலில் வரும். கட்டுரைக்கு ஓர் அட்டை: யார் எழுதியது, எந்த ஊர், எத்தனை நோயாளிகள், என்ன ஆயிற்று. சாயங்காலம் குரும்பலூரில் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே அவர் கேட்பார்:

"தபால் வந்துச்சா? நம்ம பக்கமா, எதிர்ப் பக்கமா?"

ஓட்டு எண்ணுகிற மாதிரிதான். எதிர்ப் பக்கம் கூடிக்கொண்டே போனது. நம்ம பக்கம் மூன்று. மூன்றாவது வந்த அன்று மனுஷன் கேட்டு வாங்கி இரண்டாவது தடவை சோறு சாப்பிட்டார்.

அந்த மூன்று அட்டைகளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பத்திரிகை வேறு, எழுதியவர்களில் முதலில் நிற்கும் பெயர் வேறு. ஆனால் ஊர் ஒன்று, ஆட்களின் எண்ணிக்கை ஒன்று. தையல்காரர் ஒருவர் பாதியில் மருந்தை நிறுத்திவிட்டார் என்று மூன்றிலும் இருந்தது. ஒரே ஆய்வை மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள், பாவிகள். அதிலும் மருந்து சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் எல்லோரும் எதிர்ப் பக்கம்.

மூன்றையும் ஒரு குண்டூசியில் கோத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். "ஆமாக்கா, ஒரே ஆளுங்கதான்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்து வேண்டாம் என்று முடிவாயிற்று.

வீட்டில் வந்து சொன்னேன். அவர் சிரித்தார்.

"போனாப் போவுது. வாங்கியார வேணாம்னு துபாய்க்கு ஒரு கடுதாசி போட்டுடு. ஈரலாச்சும் நல்லா இருக்கட்டும்."

பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பினால், மேசையில் ஓர் உறை காத்திருந்தது. எப்போதோ எழுதிக் கேட்டிருந்த கடைசிக் கட்டுரை. பிரிக்கக் கை வரவில்லை. மருந்து கேட்கிறது என்று அதில் இருந்துவிட்டால்? என் கையால் கோத்த குண்டூசிதானே அவரை அனுப்பியது என்று ஆகிவிடுமே. அன்று முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் பிரித்தேன். மருந்தால் பயனில்லை என்று இருந்தது.

அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதற்கு அப்பாடா சொன்னோம் என்று உறைத்ததும், அவர் செத்த அன்றுகூட அழாத அழுகை அழுதேன்.