சுவர்ப்பக்கம் திரும்பும் கமரா

ஜவாஹிறா படம் பிடிக்கிற இடங்களில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். அதனால்தான் அவளுக்கு அந்தத் தொழில். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் அறை, மத்ரஸாவில் பெண்பிள்ளைகளின் விழா, மாதர் சங்கத்துக் கலைநிகழ்ச்சி. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, கதவைச் சாத்திக்கொண்டு பெண்கள் கூடுகிற மண்டபம் எதுவானாலும் கமராவோடு உள்ளே நிற்பவள் அவள். வாசலில் எல்லாருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவளுடைய கமரா மட்டும் உள்ளே போகும். எடுத்த படம் உரிய வீட்டுக்குப் போகும், வேறெங்கும் போகாது. இதை யாரும் எழுதி வாங்கியதில்லை.

நெடுநாளாகக் கூட்டாளி அர்பா கூட நின்றாள். ஒரு கமரா அவளுக்கு, மற்றது இவளுக்கு. அர்பா கல்யாணம் முடித்து டோஹாவுக்குப் போனபிறகு ஜவாஹிறா தனியாள். கமரா நிற்கிற இரண்டு முக்காலிகளுக்கும் இடையில் ஓடி ஓடி எடுத்தாள். வெள்ளவத்தை மாதர் சங்கத்தின் போன வருட நிகழ்ச்சியில் ஒரு முக்காலி நடைபாதையின் நடுவில் நின்றது. பின்வரிசைப் பெண்கள் மேடை தெரியவில்லை என்று எழும்பி நிற்க, அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் சத்தம்போட, நாடகம் பாதியில் நின்றுபோயிற்று.

சங்கத் தலைவி ஷஹீமா மாமி சுற்றிவளைத்துப் பேசுகிறவர் அல்ல. இனிமேல் சபைக்குள் முக்காலி வரக்கூடாது, வேறு வழி இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றதை மற்றச் சங்கங்களும் வேண்டாம் என்றுவிடும். ஜவாஹிறாவுக்கு அது தெரியும்.

சுவரில் பொருத்தி, தூரத்திலிருந்தே திருப்புகிற கமராக்கள் இருக்கின்றன என்று அறிந்து கொள்ளுப்பிட்டியில் ஒரு கமராக் கடைக்குப் போனாள். கடைக்காரன் ஸப்வான் வயதில் இளையவன், அக்கா முறையில் அவளைத் தாத்தா என்று அழைத்தான். பெரிய அரங்குகளுக்கு வாங்குகிறவற்றின் பக்கம் அவள் போகவே இல்லை. அவளுக்குக் கட்டுப்படியான விலையில் அவன் ஒன்றை எடுத்துக் காட்டினான். கரன்ட் கொடுத்தால் போதும், வேறு வயர் வேண்டாம், போனில் விரலை வைத்தால் திரும்பும், ஆளைக் கண்டால் தானாகவே பின்தொடரும். ஜவாஹிறா கடைக்குள் இங்குமங்கும் நடந்து பார்த்தாள். கமராவும் கூடவே திரும்பியது. அர்பா திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. ஒத்திகைக்கு வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டைக் கொடுத்தனுப்பினான்.

மாதர் சங்கத்தின் இந்த வருட ஒத்திகையில் அவற்றை இரண்டு பக்கச் சுவர்களிலும் உயரத்தில் பொருத்தினாள். தான் யாருக்கும் மறைப்பாக இருக்கக்கூடாது என்று மேடைக்குப் பக்கத்து அறையில் போனோடு உட்கார்ந்தாள். ஒரு கமரா நாடகத்து ராணியை விட்டுவிட்டுத் தேத்தண்ணித் தட்டோடு குறுக்கே போன பெண்ணைப் பின்தொடர்ந்தது. அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு நடந்ததுதான் விளங்கவில்லை. பிள்ளைகள் மேடையில் விறைத்து நின்றார்கள். தாய்மார் ஒவ்வொருவராக முக்காட்டை இழுத்துவிட்டார்கள். பேச்சு அடங்கிப்போயிற்று.

ஷஹீமா மாமி அறைவாசலுக்கு வந்தார்.

"அத யாரு திருப்புற?"

"நான்தான் மாமி."

"ஒன்னக் காணல்லயே. ஒனக்கு எங்களத் தெரீது, எங்களுக்கு ஒன்னத் தெரியல்ல. அந்தப் போன் வேற யார்ட சரி கையில இருந்தா?"

ஜவாஹிறா இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வேறொரு போனிலிருந்து அதைத் திறக்க முடியாது என்று அவளுக்கே நிச்சயமில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு கமராவை அலுமாரிக்கு மேல் வைத்தாள். கணவன் இன்ஸாபுக்கு ஹெந்தளையில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை. அவனுக்கு வட்ஸ்அப்பில் கடவுச்சொல்லை அனுப்பி, அங்கிருந்து திறந்து பார்க்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கமரா மெல்லத் திரும்பி அவளிடம் வந்து நின்றது. போன் அடித்தது.

"ஆ, தெரீது. முடியக் கட்டு, பறக்குது" என்றான் இன்ஸாப். சிரித்தான்.

அவன் கணவன். பார்த்தால் என்ன? ஆனாலும் அவளுடைய கை தன்னையறியாமல் தலைக்குப் போயிற்று. அவன் சிரித்து முடிக்கும் முன்பே கமராவின் கரன்ட் வயரைப் பிடுங்கினாள். தாய்மாரின் கைகள் ஏன் முக்காட்டுக்குப் போயின என்று அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலையிலேயே கொள்ளுப்பிட்டியில் நின்றாள். நெட்டோடு தொடுக்க முடியாத கமரா வேண்டும், வயரில் ஓட வேண்டும், வயரின் மறுமுனை தன் கையில் இருக்க வேண்டும் என்றாள்.

"எல்லாரும் வயர விட்டுட்டுப் போறாங்க தாத்தா. நீங்க வயரத் தேடி வாறீங்க" என்றான் ஸப்வான்.

பழைய மாடல் கமரா இரண்டை உள்ளேயிருந்து எடுத்துவந்தான். ஆளைத் தானாகப் பின்தொடராது, கைப்பிடியைப் பிடித்து நாமே திருப்ப வேண்டும், கைப்பழக்கம் வர நாளாகும் என்று எச்சரித்தான். ஆனால் கடைசி வரிசையிலிருந்தும் முகத்தைத் தெளிவாகக் கிட்டே இழுக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றைக் கேட்டாள்.

"நிப்பாட்டினா அது எங்க பாக்கும்?"

இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தான். முதலில் கொடுத்தது நிறுத்தியபிறகும் நேரே பார்த்துக்கொண்டே நின்றது. பழையது தலையைக் குனிந்து, சுற்றித் திரும்பி, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டது.

"இது போதும்" என்றாள்.

நிகழ்ச்சியன்று அவள் அறைக்குள் போகவில்லை. சபையின் பக்கவாட்டில் ஒரு சின்ன மேசை போட்டு, எல்லாருக்கும் தெரியும்படி உட்கார்ந்தாள். சுவர்வழியே இறங்கிய வயர்கள் அவளுடைய மேசையில் வந்து முடிந்தன. கமரா பார்ப்பதைக் காட்டும் திரையைப் பெண்கள் பக்கமாகவே திருப்பி வைத்துவிட்டு, அவள் ஓரமாகச் சாய்ந்து பார்த்தாள். பெண்கள் வந்து உட்கார்ந்தபோது இரண்டு கமராக்களும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருத்தி காட்ட, மற்றவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பழையபடி பேச்சும் சிரிப்பும் தொடங்கின. மேடைத் திரைச்சீலை விலகியபோது கமராக்கள் மேடைக்குத் திரும்பின. ஓரிருவர் முக்காட்டைத் தொட்டார்கள், மேசையில் ஜவாஹிறாவைக் கண்டதும் விட்டுவிட்டார்கள். இடைவேளையில் ஷஹீமா மாமி சுவரை ஒருதரம், மேசையிலிருந்த திரையை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

முடிந்தபிறகுதான் சண்டை வந்தது. அகீலா மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுடைய மகள் கடைசிக் காட்சியில் தனியாக வந்து கஸீதாப் பாட்டுப் படித்தவள்.

"எல்லார்ட புள்ளைகளயும் எடுத்தீங்க. என்ட மக வந்து நிக்கக்குள்ள இந்தக் கமரா எங்க பாத்த? லண்டன்ல அவட சாச்சிக்கு நான் எதக் காட்டுற?"

உண்மைதான். ஒரு கமராவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது மற்றதில் கை பிந்திவிட்டது. பிள்ளை பாதி படித்தபிறகுதான் அவளிடம் போய்ச் சேர்ந்தது. ஜவாஹிறா தன் பிழை என்றே சொன்னாள். அதோடு விட மனம் வரவில்லை. மகள் உடுப்பு மாற்றிவிட்டாளா என்று கேட்டாள். இன்னும் இல்லை. மண்டபக் கதவும் இன்னும் திறக்கவில்லை. பிள்ளையை மறுபடி மேடைக்கு ஏற்றச் சொன்னாள்.

தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சிலர் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவளின் தலை திரையை மறைக்கிறது என்று பின்னாலிருந்து ஒருத்தி சத்தம்போட்டாள்.

இந்தமுறை ஜவாஹிறா இரண்டாவது கமராவைத் தொடவில்லை. ஒரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை மேடையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து மூச்சை இழுத்துப் படிக்கத் தொடங்கும்வரை, அவசரப்படாமல் அவள்கூடவே நகர்த்தினாள்.