புதன்கிழமையின் பின்பக்கம்

ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்து எடமலைப்பட்டி புதூரில் மகனோடு குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அப்பாவின் இரும்புப் பெட்டி என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. உள்ளே முப்பத்தெட்டு டைரிகள். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உட்காருகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்து பெட்டி இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன். "பழைய பேப்பர்காரன்கிட்ட போடவா, வேணாமா? ஒரு முடிவு சொல்லுங்கப்பா" என்று மகன் வாரம் தவறாமல் கேட்கிறான். அவற்றுள் ஒரு டைரியில் ஒரு தாள் இல்லை. அதை வெட்டியவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா ரயில்வேயில் எழுத்தர். மாலையில் வீடு திரும்பிக் கைகால் கழுவியதும் டைரியோடு உட்கார்ந்துவிடுவார். நாளுக்கு ஒரு பக்கம். கொள்ளிடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன குழம்பு, அம்மா எந்தப் பக்கத்து வீட்டோடு பேச்சை நிறுத்தியிருக்கிறாள், எல்லாம் அதில் இருக்கும். எழுதியதை அவர் மறப்பதும் இல்லை. போன வருடத்து நாள் ஒன்றைச் சொன்னால், முதலில் பக்கத்தை வாயால் ஒப்பித்துவிட்டுப் பிறகுதான் திறந்து காட்டுவார். வரி பிசகாது. தெருவில் வழக்கு வந்தால்கூட, "சார் டைரியப் பாத்துச் சொல்லட்டும்" என்று எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், பாயசத்துக்கு முன்னால், அந்த வருடம் அவரைப் பற்றி எழுதியவற்றை அப்பா உறவினர் முன்னிலையில் உரக்கப் படிப்பார். அம்மா எத்தனை முறை உப்புப் போட மறந்தாள் என்று படிக்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். மறுநாள் யாருக்கும் காபி கிடைக்காது.

எனக்குப் பத்து வயது நிறையப் போகிற வருடம். ஒரு புதன்கிழமை பள்ளிக்குப் போகாமல் கொள்ளிட மணலில் விளையாடிவிட்டு, வாத்தியாருக்குக் காய்ச்சல், பள்ளி விட்டுவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். அப்பா அதற்குச் சற்று முன்புதான் அந்த வாத்தியாரோடு ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறார். அடிக்கவில்லை. டைரியை எடுத்து எழுதினார். பிறகு நான் திருட்டுத்தனமாகப் படித்தேன்: 'பையன் பள்ளிக்குப் போகவில்லை. பொய் சொன்னான். இரண்டாம் முறை கேட்டபோதும் அதே பொய். இவன் பேச்சை இனி நம்புவதற்கில்லை.'

அடி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். பிறந்தநாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் முன்னால் அந்த நான்கு வரிகள். ஒரு நாள் பகலில் அப்பாவின் சவர பிளேடால் அந்தத் தாளை அடியோடு வெட்டினேன். பின்பக்கத்தில் வியாழக்கிழமை இருந்தது. 'தங்கையை உறையூரில் கொண்டுவிடப் போனேன்' என்று அது தொடங்கியதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அது பெரியவர்கள் விஷயம் என்று தோன்றியது. தாளை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

உறையூர் என்பது அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர். பிரசவத்துக்கு வந்தவள், பிள்ளை தங்காமல் எங்கள் வீட்டிலேயே மாதக்கணக்கில் இருந்தாள். அந்த வியாழக்கிழமை அப்பா அவளைக் கொண்டுவிடப் போனபோது மாமியார் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாள். அத்தையின் கணவர் அப்போது வேலைக்குப் போயிருந்தார். அவரிடம் மாமியார், அவர்கள் வரவே இல்லை, அவளுக்கு இங்கே வாழ மனமில்லை என்று சொல்லி, வேறு பெண் பார்க்கவும் தொடங்கியிருந்தாள். அம்மா, யாரையாவது சாட்சிக்குப் பிடியுங்கள் என்று கெஞ்சினாள். "எழுதி வச்சிருக்கேன், இதுக்கு மேல என்ன சாட்சி?" என்றார் அப்பா.

தாளை எரித்த நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அத்தையின் கணவரான மாமாவும் அவள் மாமியாரும் வந்தார்கள். அத்தையின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"நாங்க வந்தமா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்றார் அப்பா மாமியாரிடம்.

"வந்திருந்தா ஒரு வாய் தண்ணி குடுக்காம அனுப்புவனா தம்பி? கனவு கினவு கண்டீங்களோ என்னவோ."

மாமா தலை நிமிராமல் சொன்னார்: "மச்சான், நீங்க எழுதினா எழுதினதுதான். ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்தக் காட்டுங்க. இப்பவே கூட்டிட்டுப் போறேன்."

அப்பா புன்னகையோடு டைரியைத் திறந்தார். புரட்டினார். செவ்வாய்க்கு அடுத்து வெள்ளி வந்தது. வெட்டுப்பட்ட விளிம்பை விரலால் ஒரு தரம் தடவினார். அறையின் மூலையில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு டைரியை மூடினார்.

"எழுதினேன். தாளைக் காணோம்."

"எழுதினாத்தானே இருக்கும்?" என்று மாமியார் எழுந்தாள். "வாடா."

"நாங்க வந்தோங்க" என்றாள் அத்தை. "சத்தியமா வந்தோம்." மாமா அவளைப் பார்த்தார், தன் அம்மாவைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்தத் தை மாதமே அவருக்கு வேறு கல்யாணம் நடந்தது. அத்தை சாகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்குத் தலைவாரி விட்டாள், என் பிள்ளைகளுக்கும் வாரி விட்டாள். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றேன். சொல்ல வாய்ப்பில்லாமல் போகவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்று அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அத்தை அப்பாவிடம் ஓடி வந்து டைரியைப் பிரித்துப் பார்த்தாள்.

"அண்ணே, பிளேடால வெட்டியிருக்கு. யாரோ வேணும்னே வெட்டியிருக்காங்க. முன்பக்கத்துல யாரப் பத்தி எழுதியிருந்தீங்க? சொல்லுங்கண்ணே. இன்னும் பஸ் ஏறியிருக்க மாட்டாங்க. இன்னார்தான் வெட்டுனதுன்னு ஓடிப் போய்ச் சொல்லிட்டா அவரு நம்புவாரு."

அப்பா டைரியை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

 அத்தை உள்ளே போய், கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கத் தொடங்கினாள். அப்பாவுக்கும் ஒரு நாள் மறந்து போகிறதே, நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, நான் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.