பிரேக் டீச்சர் வாங்கிய கார்

என் அக்கா தன் வேலை நாட்களையெல்லாம் காரின் பக்கத்து இருக்கையிலேயே கழித்தவள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவள் ஆசிரியை. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்தால், அடுத்த நொடி கார் குலுங்கி நின்றிருக்கும். அக்காவின் கால் அவ்வளவு வேகம். அதனால் அவளுக்கு பிரேக் டீச்சர் என்று பெயர் வந்தது. அவளோடு கடைத்தெருவுக்குப் போனால், சிக்னலில் நிற்கிற ஏதாவது ஒரு கார் கண்ணாடி இறங்கும். உள்ளேயிருந்து யாராவது "டீச்சர்!" என்று கை காட்டுவார்கள். அக்கா பதிலுக்குக் கை காட்டுவதற்கு முன்னால் அவர்கள் சீட் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பாள்.

கார் ஓட்டுவது என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவள் நாள் முழுக்கப் பார்த்தது ஆமை வேகத்தில் ஊர்கிற கார். கேட்டது கரகரவென்று அரைபடுகிற கியர். "ஸ்வீட் கடையில வேலை பாக்குற சர்க்கரை நோயாளி மாதிரிடா என் பொழப்பு" என்பாள். பள்ளிக் காரைச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாது. வீட்டில் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு கார் இல்லை.

மாலையில் கடைசி மாணவரை இறக்கிவிட்ட பிறகு, காரைப் பள்ளிக் கொட்டகையில் கொண்டுபோய் விடும் அந்தக் கொஞ்ச தூரம்தான் அவளுடையது. வழியில் சரக்குக் கிடங்குகளை ஒட்டி நீளமாக ஒரு வளைவு வரும். அதில் நுழையும்போதே சரியான கியரைப் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரே தடவை திருப்பி, நடுவில் எந்தத் திருத்தமும் இல்லாமல் வெளியே வர வேண்டும். "அது மட்டும் வழுக்கிக்கிட்டு வந்துட்டா, அன்னிக்கு எவன் எந்தச் சுவர்ல கொண்டுபோய் மோதப் பாத்திருந்தாலும் மன்னிச்சிருவேன்."

அத்தான் இதற்கு நேரெதிர். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக்கொடுக்கும் வேலை. அதிர்ந்து பேசமாட்டார். பஸ் புறப்படுவதற்கு முன்பே அவர் முகம் வெளிறிவிடும். சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் இல்லாமல் வெளியூர்ப் பயணம் கிளம்பியதே இல்லை.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்புவதற்காக அக்கா குனிந்து ஷூவின் நாடாவைக் கட்டினாள். தரை எழுந்து முகத்துக்கு நேரே வந்தது. சுவரைப் பிடித்தாள். சுவரும் சுற்றியது. அத்தான் ஓடிவந்து பிடித்தபோது, "யாருங்க வீட்டை ஓட்டுறது?" என்று கேட்டாளாம். அந்த நேரத்திலும் அவளுக்குப் பேச்சு அப்படித்தான்.

காதுக்குள் உடம்பைச் சமநிலையில் வைக்கிற நரம்பு ஒன்று கிருமி தாக்கி வீங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் காரைத் தொடக் கூடாது.

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"அதை உங்க காதுதான் சொல்லணும்."

காது வாயைத் திறக்கவில்லை. வாரங்கள் மாதங்களாயின. படுக்கையில் புரண்டால் சுற்றும், நிமிர்ந்து பார்த்தால் சுற்றும். சுவரில் ஒரு எழுத்தை ஒட்டிவைத்து, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் அசைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். அத்தான் எழுத்துக்காகத் தேடி, அலமாரியில் கிடந்த சிவப்பு எல் போர்டை எடுத்து ஒட்டிவிட்டார். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களின் காரில் மாட்டுகிற அதே பலகை. நான் பார்க்கப் போயிருந்தபோது அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க அத்தானுக்குக் குசும்பைப் பாத்தியா?" என்று சிரித்தவள், சிரிப்பு முடிவதற்குள் அழுதுவிட்டாள். "பக்கத்து சீட்லயாவது உக்காரலாமான்னு கேட்டேன்டா. அதுவும் கூடாதாம்."

அத்தான் அவள் தலையின் இரண்டு பக்கமும் கைகளை வைத்து, "ம், இப்ப இடது பக்கம்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை. பிறகு அவள் கையைப் பிடித்து மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பார். கிறுகிறுப்பு என்றால் என்னவென்று வாழ்நாள் முழுக்கத் தெரிந்த மனிதர் அவர். "சீக்கிரம் சரியாயிரும்" என்று ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. கண்ணை எங்கே நிறுத்த வேண்டும், மூச்சை எப்படி விட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அதுதான் தன்னைத் தேற்றியது என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

மெல்ல மெல்லத் தரை தரையாக நின்றது. டாக்டர் ஒருவழியாகத் தலையாட்டியதும், பள்ளியின் உரிமையாளர் ஒரு பயிற்சிக் காரை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். சந்தை விடுமுறை நாளில், வண்டிகள் நிறுத்தும் பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது. அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், கார் ஓட்டவே தெரியாத அத்தான்.

"எனக்குத் தலை சுத்துற மாதிரி இருந்தா சொல்வேன். உடனே அந்த பெடலை மிதிக்கணும். சரியா?"

"சரி."

அவள் கிளட்சை விட்டாள். கார் ஓரடி நகர்ந்தது. அத்தான் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். இருவரும் முன்னால் போய் வந்தார்கள்.

"நான் ஒண்ணுமே சொல்லலையே!"

"சொல்லப்போறியோன்னு நினைச்சேன்."

மறுபடி கிளப்பினாள். மறுபடி மிதித்தார். மூன்றாவது தடவை இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்ற காவலாளி, காருக்குள் ஏதோ தகராறு என்று நினைத்துக் கிட்டே வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு அத்தான் காலைத் தூக்கி இருக்கையின் மேலேயே மடக்கி வைத்துக்கொண்டார். அக்கா மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கார் மட்டும்தான் சுற்றியது. தலை சுற்றவில்லை.

அக்கா பழையபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு ஓய்வு நாளில் அத்தான் கேட்டார்: "அந்தக் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"எந்தக் கண்ணாடிக் கடை?"

"பஸ்ல போறப்ப நீ கழுத்தைத் திருப்புற இடம்."

அவர் சொன்னது ஒரு கார் ஷோரூம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால், மழையில் நனைந்த தார்ச்சாலை நிறத்தில், தாழ்வாக, நாலு கதவுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் செடான் நின்றிருந்தது. அதன் மேல் இருந்த ஆசையை அக்கா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"டாக்டருக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், நீ தேறிட்டேன்னு" என்றார் அத்தான். "அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போனோமே, அந்தக் கடை வந்ததும் படக்குன்னு கழுத்தைத் திருப்புன. கம்பியைக்கூடப் பிடிக்கல. அத்தனை நாளா தலையைத் திருப்பப் பயந்தவ."

"மாடியில ரூம் கட்டணும்னு வச்சிருக்கிற பணங்க அது."

"ரூம் எங்கயும் ஓடிடாது. அப்புறம் கட்டிக்கலாம்."

ஷோரூமில் இருந்த விற்பனையாளர் நேராக அத்தானிடம் போய், "சார், எந்த மாடல் பாக்குறீங்க?" என்று ஆரம்பித்தார்.

"தம்பி, எனக்குக் கார்ல தெரிஞ்சது வாந்தி எடுக்க மட்டும்தான். அவங்ககிட்ட பேசுங்க."

விற்பனையாளர் அக்கா பக்கம் திரும்பினார். "மேடம், ஆட்டோமேட்டிக் எடுத்துக்குங்க. கியர் போடுற தொல்லையே இல்ல. லேடீஸுக்கு ரொம்ப ஈஸி."

"அந்தத் தொல்லைக்காகத்தான் தம்பி வந்திருக்கேன். ஆறு கியர் மேனுவல் இருக்கா?"

சோதனை ஓட்டத்துக்கு ஒரு மேனுவல் கார் இருந்தது. விற்பனையாளர் பக்கத்தில் ஏறினார். நெடுஞ்சாலையில் சேரும் இடத்தில் அக்கா மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தினாள். இருக்கை முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தது என்றாள் என்னிடம். ஓரக்கண்ணால் பார்த்தால் விற்பனையாளரின் கால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தன் கால் செய்கிற வேலையை இப்போது அவள் வேறொருவர் காலில் பார்த்தாள்.

"உங்க பக்கம் பிரேக் இல்ல தம்பி. காலை ஆற விடுங்க."

திரும்பி வந்ததும் அவர் பணிவாகக் கேட்டார்: "மேடம் ரேஸ் ஓட்டுவீங்களா?"

"இல்ல. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பேன்."

மேனுவலை யாரும் கேட்பதில்லை என்பதால் தருவிக்கச் சில வாரங்கள் ஆயின. கார் வீட்டுக்கு வந்த அன்று நான் போனேன். தம்பி என்கிற உரிமையில் என் பங்குக்கு ஒரு குறை சொன்னேன். "மூட்டு வலிக்கிற வயசுல இவ்வளவு தாழ்வான வண்டியாக்கா? ஏறி இறங்கக் கஷ்டமா இருக்காதா?"

"ஏறத்தான்டா கஷ்டம். இறங்க யாருக்கு ஆசை?"

அடுத்த ஓய்வு நாளில் மலைச்சாலைக்குக் கிளம்பினோம். அத்தான் முன்னால், நான் பின்னால். அத்தானின் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் புடைத்துக்கொண்டிருந்தது. அக்கா கிளம்புவதற்கு முன் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். "கிளம்பலாமா?" என்று அத்தான் கேட்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

மலை அடிவாரத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி மாட்டியது. மரப்பலகைகளை ஏற்றிக்கொண்டு திணறித் திணறி ஏறியது. முந்திப் போக இடமே இல்லாத ஒற்றைச் சாலை. எனக்கு எரிச்சலாக வந்தது. இதற்காகவா ஒரு பெண் இத்தனை காலம் காத்திருந்தாள்? அக்காவோ இரண்டாவது கியரில், லாரிக்குத் தள்ளி, நிதானமாக வந்தாள்.

"எனக்கு இந்த வேகம் பழக்கம்டா" என்றாள். "பாரு, இவ்வளவு மெதுவா போறப்பவும் ஸ்டீயரிங் எப்படிப் பேசுதுன்னு. ரோட்டுல இருக்கிற பொடிக்கல்லுகூட விரலுக்குத் தெரியுது. காதும் காலும் கையும் ஒண்ணா வேலை செய்யுதே, அதுவே போதும். இது இல்லாம ஒரு வருஷம் கிடந்தேனே."

உச்சியில் லாரி பிரிந்து போனது. நாங்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். இறங்குகிற சாலை வெறிச்சென்று கிடந்தது.

அப்போதுதான் என் அக்கா ஆசைதீரக் கார் ஓட்டுவதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். வளைவு வருவதற்கு முன்பே பிரேக்கை மெதுவாகத் தொடங்கி, மெதுவாகவே விட்டாள். கியரைக் குறைக்கும்போது ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டுவாள். எஞ்சின் ஒரு தடவை உறுமும். கியர் சுவிட்ச் போட்டது போல விழும். கார் உலுக்காது. வளைவுக்குள் ஸ்டீயரிங் ஒரே தடவை திரும்பும், வெளியே வரும்போது தானாக நேராகும், கார் முன்னால் பாயும். வேகமாகத்தான் போனோம். ஆனால் பின் இருக்கையில் என் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். சிரிக்கக்கூட இல்லை. பசியாறிக்கொண்டிருக்கிற பிள்ளையின் முகம் போல இருந்தது.

பாதி மலை இறங்கியதும் அவளுக்குச் சட்டென்று நினைவு வந்து, ஓரமாக நிறுத்தினாள்.

"என்னங்க, எப்படி இருக்கு? பையை எடுக்கவா?"

அத்தான் தன்னையே ஒருமுறை சோதித்துப் பார்ப்பது போல வயிற்றில் கை வைத்தார். எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது. அதை எடுத்து முகர்ந்து பார்க்க அவருக்கு மறந்தே போயிருந்தது.

"ஒண்ணும் பண்ணலையே" என்றார் ஆச்சரியமாக. "இவ்வளவு நாளும் எனக்குத்தான் வயிறு சரியில்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். ஓட்டுறவங்க சரியில்ல போல."

அக்கா முதலில் சிரித்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தலையைப் பிடித்து இடமும் வலமும் திருப்பிய கை. தம்பி பின்னால் இருக்கிறான் என்பதையெல்லாம் அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. நான் வெளியே மரங்களைப் பார்த்தேன்.

"நீங்க இல்லேன்னா நான் இன்னும் அந்தக் கட்டில்லதான் கிடப்பேன்" என்றாள்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் அத்தான். பிறகு, மேலே போகிற சாலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்: "ஏறுறப்பதான் லாரி மறிச்சிருச்சு. இன்னொரு தடவை ஏறிட்டு இறங்கலாமா?"

அக்கா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள், காரைத் திருப்பினாள். எனக்குப் பசித்தது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.