பீடத்தில் இருந்த இரண்டு பேர்

போனக்காட்டு மலையில் விழுந்த போர்க்கால விமானத்தைத் தேடி வெளிநாட்டுக் குழு ஒன்று வந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து மொழிபெயர்ப்பாளனாகப் போனவன் நான். அந்த மலையின் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

காணாமல் போன இரண்டு விமானிகளின் எலும்புகளைத்தான் தேடினார்கள். சரிவில் துருப்பிடித்த எஞ்சின் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. எங்கே என்று எனக்குத் தெரியும். அகாலமாகச் செத்தவனுக்கு மண் பீடம் கட்டிப் பூசை வைக்காவிட்டால் அவன் அலைவான் என்பது லயத்து நம்பிக்கை. விறகுக்குப் போன அப்பா காட்டில் கண்ட எலும்புகளைப் பானையில் அள்ளிவந்து, லயத்துக்குப் பின்னால் பீடத்தின் அடியில் வைத்திருந்தார். சாமி என்று வருஷம் ஒருமுறை சுருட்டும் சாராயமும் படைப்போம்.

குழுவை அங்கே கூட்டிப்போனேன். அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"மக்கா, உள்ள ரெண்டு பேரு ஒறங்குகாங்க. தொடண்டாம், கேட்டியா."

"சும்மா கெட அம்மா, மானத்த வாங்காத," என்றேன். 'இரண்டு பேர்' என்பதை மட்டும் குழுத்தலைவியிடம் சொன்னேன். அவர் கண்கலங்கிவிட்டார். சாயங்காலமே இரண்டு குடும்பங்களுக்கும் செய்தி போய்விட்டது.

கடப்பாரை இறங்கியதும் பானை உடைந்தது. எலும்புகளை மண்ணோடு அள்ளிப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்தார்கள். ஜீப் அடிவாரத்து விதுரா ஊருக்கு இறங்கும் வளைவில் மறைந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றாத மடையன் நான்.

மூன்று மாதம் கழித்து மின்னஞ்சல் வந்தது. எலும்புகளில் ஒரு விமானிதான் இருக்கிறார். மற்றவை பிறந்து சில நாளே ஆன குழந்தையுடையவை. இரண்டாவது குடும்பத்துக்கு என்ன சொல்வது, இந்தக் குழந்தை யார் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த பஸ்ஸில் மலையேறினேன்.

தோண்டிய குழியின் ஓரத்தில் அம்மா விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை யார் என்று கேட்டேன்.

"உனக்கு மூத்தவன். பேரு வைக்குமுன்ன போயிட்டான். தனியா கெடந்தா பயப்படுவான்னு நானும் அப்பாவும் சாமிகிட்ட துணைக்கு வச்சோம். ரெண்டு பேருன்னு சொன்னேனே. நீதான் சும்மா கெடன்னுட்ட."

பெட்டியைக் கொண்டுபோனவர்களின் ஊர் எத்தனை தூரம் என்று கேட்டாள். சொன்னேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அங்க அவன் இப்ப ஆருகூட இருக்கான் மக்கா?"