ஒரு பேஸும் ஏழு வீட்டு மோட்டாரும்

காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை ஏழு மணி. திருப்பத்தூரில் பேருந்து மாறி, மொத்தம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போய், நெற்குப்பை வந்து சேர ஒன்பதாகிவிட்டது. பெரிய பெரிய பழைய வீடுகளைப் பார்க்கத்தான் வந்தேன். தங்கியது கல்லூரித் தோழி ரெஜினாவின் சின்ன வீட்டில். அவள் பள்ளி ஆசிரியை; கணவர் சவரிமுத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்கிறார். கடைசியில் பெரிய வீடு எதற்குள்ளும் நான் கால் வைக்கவில்லை.

வாசலை ஒட்டிய சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று நிறம் குறித்த ஒரு சுவிட்ச். தெருவுக்கு மின்சாரம் மூன்று பேஸில், அதாவது மூன்று தனித்தனிக் கம்பிகளில், வருகிறது. ஒன்று போனால் சுவிட்சைத் திருப்பி அடுத்ததில் ஏறிக்கொள்ள வேண்டும். ஊரே ஒரே பேருந்தில் ஏறினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது.

“நேத்தே செவப்பு போயிருச்சு. காலையில மஞ்சளும் போயிருச்சு. இப்பத் தெருவே நீலத்துலதான் ஓடுது. இன்வெர்ட்டர்லயும் சார்ஜ் இல்ல” என்றாள் ரெஜினா.

பின்னறையில் பீரோ உயரத்துக்கு முட்டை பொரிக்கும் பெட்டி, இன்குபேட்டர். காதை வைத்துக் கேட்டேன். முட்டைக்குள்ளிருந்து கீச்கீச் என்று சத்தம். “இன்னைக்குத்தான் பொரியிற நாளு. போன தடவ கரண்டு போயி ஒண்ணுகூடத் தேறல. இதுவும் போச்சுன்னா பெட்டிய வித்துட்டு வேற வேலதான் பாக்கணும்” என்றார் சவரிமுத்து.

பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நாலு நாளைக்கு ஒருமுறை வருவது. தெருவில் ஏழு வீட்டு மோட்டாரும் ஒன்றாக உறுமின. எங்கள் விளக்கு மங்கியது, இன்குபேட்டர் ‘பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கேட்கச் சவரிமுத்து தெருவுக்கு ஓடினார். வேடிக்கை பார்க்கும் புத்தி எனக்கு எப்போதும் உண்டு. நானும் பின்னால் போனேன்.

எதிர் வீட்டு வசந்தா இடுப்பில் கை வைத்து நின்றார். “நல்லாருக்குண்ணே! ஒங்க முட்டைக்காக நாங்க நாலு நாளு குளிக்காமக் கெடக்கவா?”

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. குழாயில் தண்ணீர் அழுத்தம் குறைவு, மோட்டார் இல்லாமல் தண்ணீர் தொட்டிக்கு ஏறாது. வாசலில் இடுப்பளவு குழி தோண்டி, அதன் அடியில் வைத்த குழாயில் மட்டும் சுமாராக வரும்.

“மோட்டார நிப்பாட்டுறேன். குழியிலருந்து தொட்டிக்கு யாரு தூக்குவாக?” என்றார் வசந்தா.

“நாங்க தூக்குறோம்” என்றார் சவரிமுத்து. அந்த நாங்களில் என்னை எப்போது சேர்த்தார் என்று தெரியவில்லை.

ரெஜினா குழிக்குள் இறங்கிப் பிடிக்க, நான் குழியோரச் சேற்றில் நின்று வாங்கிக் கொடுக்க, அவர் தொட்டியில் ஊற்றினார். அதைப் பார்த்து அடுத்தடுத்த வீடுகளிலும் மோட்டார் நின்றது. அங்கேயும் வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தூக்கினோம். “சென்னைக்காரவுக நல்லாத்தான் தூக்குறாக. அடுத்த தண்ணிக்கும் வந்துருங்க” என்றார் ஒருவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த குடத்தை நீட்டினேன்.

பதினொன்றரைக்குத் தண்ணீர் நின்றது. உள்ளே வந்தபோது முதல் குஞ்சு ஈரத்தோடு ஓட்டை உதறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் நாலைந்து ஓடுகளில் விரிசல். சவரிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது.

கை கழுவப் போன ரெஜினா குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தெருவில் அத்தனை தொட்டியிலும் தண்ணீர் இருந்தது. எங்கள் தொட்டியை எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலை நான் கிளம்பும் நேரத்தில் வசந்தா ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். “டீச்சர், அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் எங்க தொட்டியில மோந்துக்கிருங்க.” பிறகு என்னைப் பார்த்தார். “இந்தச் சேத்தோட பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு எறக்கி விட்டுருவாரு. குளிச்சுட்டுப் போங்க.”

சென்னையில் என் அடுக்ககத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் தானே ஓடும். எவ்வளவு தண்ணீரில் குளிக்கிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே அந்தக் குடத்தின் முன் குந்தி, முகமும் கையும் காலும் மட்டும் கழுவினேன். மீதியைக் குஞ்சுகளுக்கென்று பின்னறை வாசலில் மூடி வைத்துவிட்டு, சேற்றுப் புடவையோடு பேருந்து ஏறினேன். கண்டக்டர் சேற்றைப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.