திரும்பி வந்த பேண்டேஜ் கண்டெய்னர்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். கண்டெய்னரில் சரக்கேற்றி, சீல் வைத்து, தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. கடலில் நடப்பதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் போன வருஷம் வரை நினைத்திருந்தேன்.

எங்கள் சரக்கு போன கப்பல் நடுவழியில் இன்னொரு கப்பலோடு மோதியது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. மேல்தளத்தில் இருந்த கெமிக்கல் டிரம்கள் உடைந்து கடலிலும், பக்கத்துக் கண்டெய்னர்கள் மேலும் கொட்டிவிட்டன. எங்களுடையதும் அதில் ஒன்று. போய்ச் சேர்ந்த துறைமுகத்தில் அதை வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கொட்டியது என்னவென்று ஷிப்பிங் ஏஜெண்டிடம் போனில் கேட்டேன்.

“டிரம்ல இருந்த கெமிக்கல்தான் சார்.”

“அதுக்கு ஒரு பேர் இருக்கும்ல?”

“மெயில் போட்டிருக்கோம் சார்.”

தினமும் கேட்டேன், தினமும் மெயில் போட்டிருந்தார். கடைசியில் ஒரு தாள் வந்தது. பொருளின் பெயர் என்ற இடத்தில், ‘அனுப்பியவர் அறிவித்தபடி’ என்று இருந்தது. அவர் என்ன அறிவித்தார் என்று கேட்டால், அது வேறு ஆபீஸாம்.

ஒரு நாள் காலையில் கண்டெய்னரே வந்து நின்றுவிட்டது. ஒரு பக்கம் முழுக்கப் பெயிண்ட் உரிந்திருந்தது. கிட்டே போனால் கண் எரிந்தது. உடனே திறக்கச் சொன்னார் முதலாளி. லோடுமேன்கள் நகரவில்லை. அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார்.

“உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க சார், தொறக்கோம்.”

“எனக்கே தெரியாது அண்ணாச்சி.”

“அப்பம் நாங்க எப்படித் தொறக்க?”

“தண்ணி ஊத்திக் கழுவியாச்சுன்னு ஏஜெண்ட் ஆபீஸ்ல சொல்லுதாங்கல்லா?” என்றார் முதலாளி.

“கழுவின தண்ணி எங்க போச்சுன்னும் சொல்லலையே, சார்,” என்றேன். கண்டெய்னரைத் திறக்க நான் போட வேண்டிய ஸ்லிப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். அவர் என்னை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்டெய்னர் எட்டு நாள் முற்றத்தில் நின்றது. அதைச் சுற்றிக் கயிறு கட்டி, அந்தப் பக்கம் போகிறவர்களையெல்லாம் விரட்டுவதே என் வேலையாகிப்போனது. பிறகு தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வேனை விட்டு இறங்குவதற்கு முன்பே முகமூடியும் கையுறையும் மாட்டிக்கொண்டார்கள். திறக்கவே இல்லை. மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அழிப்பதற்கு எடுத்துப்போவதாகச் சொன்னார்கள்.

“கடல்ல கொட்டினதை என்ன செஞ்சாங்க?” என்று ஒருவரிடம் கேட்டேன்.

“அது எங்க செக்‌ஷன் இல்ல சார்.”

அன்று சாயங்காலம்தான் முதலாளி என்னோடு பேசினார். திறக்காமல் விட்டது நல்லது என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன். அடுத்த லோடுக்கு லாரி சொல்லியாச்சா என்று கேட்டார்.